சாக்கடையில் போட்டவனுக்குச் சோறில்லை

கொரோனா வந்த வருடம், எங்கள் தமாலே ஊர் வண்டி நிலையத்தில் வேனுக்குள் வரிசைக்கு மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்றார்கள். வாசலில் குழாய் வைத்த வாளியும் சோப்பும் வந்தன. கை கழுவாமல் யாரும் ஏறக் கூடாது. வாளியை நிரப்பும் வேலையை, பக்கத்தில் அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த வாச்சே சோறு விற்கும் ஜுவைரா அக்காவின் தலையில் கட்டிவிட்டார் எங்கள் டிரைவர் சங்கத் தலைவர் இசாகு.

ஊர்க் குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வந்தாலே பெரிது. நாங்களோ வாளிக் குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசினோம். இரண்டாம் நாளே அக்கா ஒரு காலிப் பேனாவின் கூட்டைக் குழாய் வாயில் செருகி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டாள். தண்ணீர் நூல்போல வந்தது. கழுவிய நீரையும் கீழே ஒரு பேசினில் பிடித்துக் கழிப்பறைக்குக் கொண்டுபோனாள்.

"என்னக்கா, இதுல கை கழுவி முடிக்கறதுக்குள்ள கொரோனாவே போயிடும்போல," என்றேன்.

"போகட்டுமே, நல்லதுதானே? நல்லாத் தேய்டா."

மே மாதம் முதல் மழை அடித்தது. சாக்கடை பொங்கி நிலையத்துக்குள் வந்தது. தண்ணீர் பாக்கெட் உறைகளும் முகக்கவசங்களும் மிதந்தன. அக்காவின் விறகு முழுக்க நனைந்துபோனது. நாங்கள் எல்லோரும் நகராட்சியைத் திட்டினோம்.

"நாமளே அள்ளலாம்னா, எவனோ இருமின மாஸ்க்கை யாரு தொடறது?" என்றார் தலைவர். சொல்லிக்கொண்டே பாக்கெட் முனையைக் கடித்துத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, உறையைச் சாக்கடையில் எறிந்தார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னையிலேருந்து சாக்கடையில குப்பை போடறவங்களுக்கு என்கிட்ட சோறு கிடையாது. உறையை இந்தச் சாக்குல போட்டுட்டு வந்து தட்டை நீட்டுங்க. தலைவரே, மொதல்ல உங்களுக்குத்தான் கிடையாது."

"ஏம்மா, இந்த எடத்தை உனக்கு யாரு குடுத்ததுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். திருப்பி எடுத்துக்குங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டறேன். உங்க டிரைவருங்க இங்க நிப்பாங்களா, அங்க வருவாங்களான்னு பாத்துடலாம்."

நாங்கள் கையிலிருந்த உறைகளைச் சாக்கில் போட்டுவிட்டுத் தட்டோடு வரிசையில் நின்றோம். பசி எங்களுக்கும் இருந்தது.

மறுநாள் தலைவர் என்னை ரகசியமாக அனுப்பினார். "அக்கா, ஒரு வாச்சே. மேல ரெண்டு முட்டை," என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"நபாரி, முட்டை தின்னா உனக்கு ஒடம்பெல்லாம் தடிக்குமே!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருக்கு வேணுமோ அவரையே வரச் சொல்லு."

மூன்று நாள் தலைவர் வெறும் ரொட்டியைத் தின்றார். நான்காம் நாள் மறுபடி மழை. வரிசையில் முதலாவதாக, சாக்கடையை ஒட்டி நின்றது அவருடைய வேன். அழுக்கு நீர் படியைத் தாண்டி உள்ளே ஏறியது. அதில் கால் வைக்க மாட்டோம் என்று பயணிகள் அத்தனை பேரும் என் வண்டிக்கு வந்துவிட்டார்கள். நான் கிளம்பிப் போனேன். கண்ணாடியில்கூட அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

அடுத்த நாள் காலை வந்தபோது தலைவர் ரப்பர் பூட்ஸும் கையுறையும் மாட்டி, நீளமான முள்வாரியோடு சாக்கடைக்குள் நின்றிருந்தார்.

"என்னடா வேடிக்கை? சாக்கைப் பிடி!"

பிடித்தேன். மற்ற டிரைவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். முகக்கவசங்களைத் தனியே எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். மதியத்துக்குள் பதினோரு சாக்கு நிரம்பியது. நாறியது, ஆனால் பல வருடம் கழித்துச் சாக்கடையின் சிமெண்டுத் தரையைக் கண்ணால் பார்த்தோம்.

தலைவர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"முட்டை ரெண்டா, மூணா?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

"மூணு."

சோற்றை வழக்கத்தைவிட அதிகமாகவே வைத்தாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அதற்கடுத்த மழையில் நிலையத்துக்குள் தண்ணீர் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, டயர்க் கடை முன்னால் சாக்கடையில் குப்பை அடைத்த இடத்தில்தான் தேங்கியது. மழை விட்டதும் அக்கா பானையை மூடிவிட்டு எழுந்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் தலைவர்.

"டயர்க் கடைக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். அவரும் தினம் என்கிட்டதானே சாப்பிடறாரு."

"இரு, நானும் வரேன்," என்று அவரும் கூடவே நடந்தார்.