பதினொரு மூட்டைச் சருகு

டிசம்பரின் முதல் திங்கட்கிழமை, காலை எட்டே கால். குப்பை வண்டி எட்டரைக்கு வரும். என் மூட்டையைத் தெருமுனையில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, ரயில் நிலையத்திலிருந்து ஃபுஜிமாகி சான் கைப்பையுடன் வந்துகொண்டிருந்தார். கோஃபுவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். பொது மண்டபத்தை ஒட்டிய எனோகி மரத்தருகே வந்ததும் நின்றுவிட்டார்.

மரத்தடியில் ஒரு சருகுகூட இல்லை. மண்ணில் துடைப்பத்தின் கோடுகள் மட்டும் சீராக ஓடின.

தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபுஜிமாகி சான், ஓமுராசாகி வளர்ப்பவர். எங்கள் யமனாஷி மலைச்சரிவில் ஜூலையில் பறக்கும் பெரிய ஊதா வண்ணத்துப்பூச்சி அது. கோடையில் அந்த மரத்தின் தாழ்ந்த கிளைகளில் வலைப்பை கட்டி, முட்டையிலிருந்து புழுக்களை வளர்த்தார். குளிர் வந்ததும் வலையை அவிழ்த்தார். புழுக்கள் தாமாகவே இறங்கி, உதிர்ந்த இலைகளின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வசந்தம்வரை உறங்கும். மொத்தம் முப்பத்தேழு.

எதிர்வீட்டு ஹொசாகா சான் வெளியே வந்தார். இந்த வருடம் தெருக்குழுத் தலைவர் முறை அவருடையது. முந்தின நாள், எல்லோரும் சேர்ந்து தெருவைப் பெருக்கும் ஞாயிறு. அதற்கு வராமல் போவது எங்களிடையே பெரிய கூச்சம்.

“ஃபுஜிமாகி சான், நேத்து வர முடியலையேன்னு கவலைப்படாதீங்க. உங்க பங்கையும் நானே பெருக்கிட்டேன். மரத்தடி மட்டும் பதினொரு மூட்டை!”

ஃபுஜிமாகி சான் இடுப்பு வளையக் குனிந்தார். “ரொம்ப நன்றிங்க. வராததுக்கு மன்னிக்கணும்.”

“அதெல்லாம் எதுக்கு? உள்ள வாங்க, டீ குடிக்கலாம்.”

“உங்களுக்கு எவ்வளவு சிரமம்.” மறுபடி குனிந்தார். கண் மட்டும் என் பின்னால் குவிந்திருந்த சருகு மூட்டைகள்மேல். தமக்காக ஒருவர் செய்த நல்லதை எப்படித் தப்பு என்பது? மூன்றாம் முறை குனிந்தவர் நிமிரவே இல்லை.

“மன்னிச்சுக்கங்க,” என்றார் தரையைப் பார்த்து. “அந்தச் சருகுல என் புழுங்க தூங்குது.”

குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. ஹொசாகா சான் வீட்டுச் செருப்போடு ஓடி, வண்டிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். “இன்னிக்கு எங்க சருகு கிடையாது!” ஓட்டுநர் சிரித்தபடி மற்றதை ஏற்றிக்கொண்டு போனார்.

மண்டபத்துக்குள் ஹீட்டர் போட்டுத் தேடலாம் என்றேன்.

“ஐயோ, வேண்டாம். சூடு பட்டா முழிச்சிடும். திங்க ஒரு இலை இருக்காது.”

எனவே வெளியிலேயே, விறைத்த விரல்களால், நீலத் தார்ப்பாயில் கொட்டி ஒவ்வொரு சருகாகத் திருப்பினோம்.

“தலைவரே, இவ்வளவு நல்லா யாரு பெருக்கச் சொன்னா?” என்றேன்.

“நீங்க வேற. என் பொண்டாட்டியே நேத்துதான் முதல் தடவையா மெச்சினா.”

ஃபுஜிமாகி சானுக்குப் புழுக்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஹொசாகா சானுக்கு ஒரு மணி நேரமாக எதுவும் தெரியவில்லை. “இதுல ஒண்ணுமில்ல” என்று ஒரு சருகைப் போடப்போனார். ஃபுஜிமாகி சான் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மூக்குக்கிட்ட வச்சுப் பாருங்க.”

இலையின் நடு நரம்பு சற்றே தடித்திருந்தது. அந்தத் தடிப்புக்கு ஒரு முகம் இருந்தது. பூனை முகம், இரண்டு கொம்புகள். முதுகில் நான்கு ஜோடி முட்கள். சுண்டுவிரல் நுனியளவு உடம்பு முழுக்கச் சருகின் நிறமேதான்.

“மூச்சு விடலாமா?” என்று ஹொசாகா சான் கிசுகிசுத்தார்.

“விடுங்க. அந்தப் பக்கமா.”

“பனியில செத்துடாதா?”

“பனிக்கு அடியிலயே இருக்கும். வசந்தத்துல மரம் ஏறி, பச்சையா மாறும்.”

அதன்பின் ஹொசாகா சான் டீயைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு மணிக்கு முப்பத்தேழாவது புழு கிடைத்தது. நான் கைகளைத் தட்டினேன். இரண்டு மூட்டைகள் மீதி இருந்தன. பத்தாவதைப் பிரித்ததும் முப்பத்தெட்டு, பிறகு நாற்பத்தொன்று.

ஃபுஜிமாகி சான் முதுகு முட்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். நான்கு ஜோடிதான்.

“அதே ஜாதிதான். ஆனா இதுல நாலு என்னோடது இல்ல,” என்றார். “உச்சிக் கிளையில காட்டுலேர்ந்து ஒருத்தி வந்து முட்டை வச்சிருக்கா. இந்தப் பக்கம் அதுங்க அத்துப்போச்சுன்னுதான் நான் வளர்க்கவே ஆரம்பிச்சேன்.”

ஹொசாகா சான் மரத்தடியில் மண்டியிட்டிருந்தார். புழு இருக்கும் பக்கம் கீழே வருமாறு சருகுகளை ஒவ்வொன்றாகப் பரப்பிக்கொண்டிருந்தவர், அண்ணாந்து வெறும் கிளைகளைப் பார்த்தார்.

“நம்ம தலைக்கு மேலயா?”

கடைசி மூட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை.