துடைத்து வைத்த பூ

மாலை நேரப் புகைப்பட வகுப்பில் மாஸ்டர் கொடுத்த வேலை கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. வசந்த காலப் பூ ஒன்றை மிக அருகில் இருந்து படம் பிடிக்க வேண்டும். பூ செடியிலேயே இருக்க வேண்டும். எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. மகரந்தத் துகள்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் அடுத்த நிலை வகுப்பில் இடம். இல்லையென்றால் அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் பால்கனித் தொட்டியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சிவப்பு ட்யூலிப். மற்றவை எல்லாம் இதழ் கொட்டிவிட்டன. பால்கனிக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். பஸ் வரும்போதெல்லாம் பூ தலையாட்டும். அவ்வளவு அருகில் லென்ஸைக் கொண்டுபோனால், தெளிவாக விழும் பகுதி நகத்தின் கனம்கூட இருக்காது. நான் மூச்சை இழுத்தால் இதழ் தெளியும், விட்டால் மகரந்தக் காம்பு தெளியும், நடுவிலிருக்கும் கறுப்பு மகரந்தம் மட்டும் புகைபோலவே நிற்கும். ஒவ்வொரு படமும் ஏன் கெட்டது என்று நாட்குறிப்பில் எழுதி வந்தேன். காற்று. மூச்சு. மறுபடி காற்று. தெரியவில்லை. 'தெரியவில்லை'தான் அதிகம்.

வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரர், பல் டாக்டரின் உதவியாளர், முதல் நாளே முடித்துவிட்டார். "சும்மா எடுத்தேங்க, வந்துடுச்சு" என்றார். அவரை வெறுப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கியது. மெல்லிய மேகம், நிழல் விழாத வெளிச்சம். மறுநாள் வகுப்பில் படத்தைக் காட்டி, மாஸ்டரிடம் இரவல் வாங்கிய லென்ஸையும் திருப்பித் தர வேண்டும். முக்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். பூ அகல விரிந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. ஒரு துகள்கூட இல்லை.

"அம்மா!"

அம்மா ஹோட்டல் ஒன்றில் அறை மேற்பார்வையாளர். அறைக்குள் நுழைந்ததும் அலமாரியின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. கையில் காது குடையும் பஞ்சுக் குச்சி டப்பாவோடு வந்தாள்.

"பாத்தியா? பஸ் புகை முழுக்க உள்ள போய் கரியா அப்பியிருந்துச்சு. ஈரம் பண்ணி ஒத்தி ஒத்தி எடுத்தேன். ஒரு இதழ்கூடக் கசங்கல."

"அது கரி இல்லம்மா! மகரந்தம்! அதைத்தான் நான் படம் எடுக்கணும்!"

"நீதானடி வாரம் பூரா தூசி படக்கூடாது, தூசி படக்கூடாதுன்னு கத்தினே?"

"லென்ஸ்ல படக்கூடாதுன்னு சொன்னேன்!"

"அதை முழுசா சொல்ல வேண்டியதுதானே?"

சத்தம் கேட்டு அக்கா தலைதுவட்டிக்கொண்டே வந்து பூவைக் குனிந்து பார்த்தாள்.

"என்னடி, பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு ரெடி பண்ண மாதிரி இருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி சரி, கண்ணுக்குப் போடற கறுப்புப் பவுடர் இருக்கு, தூவிக்கோ. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

தூவினேன். சேர்க்கக் கூடாது என்று தெரிந்தேதான் தூவினேன். இதற்கு ஒரு வாரம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். காற்றில்லை, மூச்சை அடக்கினேன், முதல் தடவையாகத் துகள்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் மினுமினுத்தது. அக்கா வாங்கி வைத்திருந்தது ஜிகினா கலந்த பவுடர்.

"பனித்துளின்னு சொல்லிடு" என்றாள் அக்கா.

தூரிகையால் பவுடரைத் தட்டிவிட்டு, வெறும் பூவையே எடுத்தேன். அப்போதும் கை நடுங்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மாஸ்டர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஃபோகஸ் சரியா உக்காந்திருக்கு. மகரந்தம் எங்க?"

"எங்கம்மா தொடச்சுட்டாங்க சார்."

வகுப்பே சிரித்தது. பல் டாக்டரின் உதவியாளர் மேசையில் தட்டிச் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அப்போ பூவிலேருந்து ஒண்ணை எடுத்தாச்சு. உனக்கு மட்டும் விதியை வளைச்சா மத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? அடுத்த வருஷம் வாம்மா."

"லென்ஸ் மட்டும் இன்னும் ஒரு வாரம் சார்..."

"அடுத்தவங்க கேட்டிருக்காங்க."

பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா காத்திருந்தாள். இடம் கிடைக்கவில்லை என்றேன். "நான் வந்து அந்த ஆள்கிட்ட பேசட்டுமா? தொடச்சது நான்தானே, நீ இல்லையே" என்றாள். வேண்டாம் என்றேன். படத்தை மேசையில் போட்டேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எவ்ளோ சுத்தம்" என்றாள். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை.

"சுத்தமா? இங்க பாரு." மகரந்தக் காம்பின் நுனியில் ஒட்டியிருந்த பஞ்சு இழையை விரலால் காட்டினேன்.

அம்மா படத்தை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ, இதை எப்படிப் பாக்காம விட்டேன்?" என்றாள்.

அந்த ஒரு இழைக்காக அன்று முழுவதும் வருத்தப்பட்டாள். மகரந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.