அரைஞாணில் மாட்டிய ஏரி

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரி, ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, உப்பளத் தொழிலாளி மாயவனின் தூண்டிலில் மாட்டிக்கொண்டது. மீன்தான் என்று நினைத்து அவர் எழுந்து நாலடி நடந்தார். ஏரியும் கூடவே நாலடி வந்தது. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது, ஆளாளுக்குத் தூண்டில் போடுவார்கள். மாயவனுடையது குடைக்கம்பியை வளைத்த முள், ரப்பர் செருப்பை வெட்டிய தக்கை, உப்பு மூட்டை தைக்கும் நைலான் சரடு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம் மனுஷன். உட்கார்ந்தபடியே தூங்கலாமென்று சரடின் மறுமுனையை அரைஞாண் கயிற்றோடு மூட்டை முடிச்சாகப் போட்டுவிட்டார். மூட்டை முடிச்சு இறுகினால் அவிழாது. அதற்காகத்தானே அதைப் போடுவது.

சரடை வெட்டிப் பார்த்தார்கள், அரிவாளுக்குத்தான் பல் போனது. அரைஞாணை அறுத்தால் தீர்ந்தது. ஆனால் ஆம்பளையின் அரைஞாணைச் செத்த பிறகுதான் அறுப்பது வழக்கம். அவர் வீட்டுக்குப் போக வேண்டுமானால் உப்பளத்தைத் தாண்ட வேண்டும். அங்கே வரப்பெங்கும் கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். அளக்காரர் தெய்வசிகாமணி வந்து, “ஏம்பா, நீ ஒரு அடி வச்சா எங்க பொழப்பே கரைஞ்சிடும்பா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாயவன் அங்கேயே உட்கார்ந்தார். மூன்று மாதம் சோறு கரைக்கே வந்தது.

தை மாதம் மகள் சந்தியாவுக்குப் பொம்மையார்பாளையத்தில் கல்யாணம். ஏரியை இழுத்துக்கொண்டு அதற்குப் போக முடியாது. மனைவி திரௌபதியிடம், “நீயே அறுத்துடு” என்று கேட்டார்.

“தாலிய கழுத்துல வச்சிக்கினு நான் எப்படிய்யா அறுப்பேன்?” என்றவள், போகும்போது ஒரு பிளேடை மட்டும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று, தாலி கட்டியாயிற்று என்று போனில் கேட்ட பிறகுதான் மாயவன் அரைஞாணை அறுத்தார். முன்னமே அறுத்திருந்தால் சாவுத் தீட்டு, கல்யாணம் நின்றிருக்கும். ஏரி நாலடி பின்வாங்கிப் பழைய இடத்துக்குப் போனது. பஸ்ஸில் கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. செத்தவரை யார் வாங்க என்பார்கள்? பந்தி முடிந்ததும் சந்தியா மாலையோடு வந்து, போய்ச் சேர்ந்தவர்களுக்குப் படைப்பதுபோல மூலையில் ஒரு தலைவாழை இலை போட்டுப் பரிமாறினாள். மாயவன் உட்கார்ந்து சாப்பிட்டார்.

“ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா” என்றார்.

அவள் ஊற்றினாள்.