ஈவான் ஆற்றில் ஏறிய கோடை

கடலில் நண்டு பிடிக்கும் கப்பல்களில் இருபது வருஷம் கழித்துவிட்டு ஊர் திரும்ப ஈவான் முடிவெடுத்த அன்றே அவன் வயிறு சுருங்கிக் கட்டைவிரல் அளவாகிவிட்டது. பசி நின்றது. ஊர் ஆறான குஸ்கோக்விமின் முகத்துவாரத்துக்கு வந்து சேர்வதற்குள் தோல் தடித்துச் சிவந்து, கீழ்த்தாடை கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்துவிட்டது. கடலில் உப்பை வெளியே தள்ளிப் பழகிய உடம்பு இனி அதைப் பிடித்துவைக்கக் கற்க வேண்டியிருந்ததால், உப்பும் நன்னீரும் கலக்கும் சேற்றுத்திட்டில் கூடாரம் போட்டுக் காத்திருந்தான். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே நாளெல்லாம் சிறுநீர் கழித்தான். கடலிலிருந்து பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீனுக்கு இப்படித்தான் ஆகும் என்பதால் யாரும் வைத்தியரைக் கூப்பிடவில்லை. வலை போடப் போனவர்கள் படகை மெதுவாக்கி, "என்னப்பா, இன்னும் உப்பு இறங்கலையா? சீக்கிரம் ஏறு, கரடி காத்துக்கிட்டிருக்கு!" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவன் முகத்தை மூடிக்கொண்டான். அவன் ஊரைவிட்டு ஓடிப்போன காரணம் எல்லோருக்கும் தெரியும். தம்பி அங்கல்காக், படகிலிருந்து தவறி விழுந்தபோது வலை நிறைய மீன் இருந்தது. படகு விளிம்பைத்தான் பிடித்திருக்கிறானே என்று ஈவான் முதலில் வலையை இழுத்தான். திரும்பிப் பார்த்தபோது விளிம்பில் கை இல்லை. ஊரே உடலைத் தேடிக் கொக்கி போட்டு ஆற்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவன் கடலுக்குப் போய்விட்டான்.

உப்பு இறங்கியதும் ஊர்த் தண்ணீரின் வாசனை பிடித்து ஆற்றில் ஏறி, தம்பி மனைவி ஒலிங்காவின் மீன் முகாமில் வந்து நின்றான். மீனைப் பிளந்து காயத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மீன் இவ்வளவு செவந்துட்டா நாங்க நாய்க்குத்தான் போடுவோம், மாமா."

கரையேறக் கூசி முழங்கால் தண்ணீரிலேயே நின்றான். அப்போது அவள் மகள் வந்தாள். தகப்பன் போன பிறகு பிறந்தவள். இறந்தவர் பெயரை வாங்கிய குழந்தை அந்த ஆளேதான் என்பது எங்கள் வழக்கம். அவள் பெயரும் அங்கல்காக். கோபத்தில்கூட ஒலிங்கா மகளை "என்னங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் தண்ணீரில் இறங்கி அவன் முன்னால் நின்றாள்.

"தண்ணி ரொம்பக் குளிர்ந்துச்சு அண்ணே. உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

ஈவான் தலையைத் தூக்கவில்லை. யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னான்.

"கேட்டுச்சு."

ஒலிங்காவின் கத்தி நின்றது. பெண் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "தெரியும்," என்றாள். "மேல வா. விறகு பிளக்கணும்."

தம்பிகள் அதட்டுவதுபோல் அவள் அதட்ட, கோடை முழுக்க ஒரு கவளம் உண்ணாமல் விறகு பிளந்தான். சிவப்பு மாறவில்லை. முதல் உறைபனிக்கு முன், ஆற்றில் ஏறி முடித்துச் சாகும் மற்ற மீன்களைப்போல அவனும் ஓய்ந்துபோனான். அந்தக் குளிர்காலம் ஒலிங்கா வீட்டில் விறகுக்குக் குறைவே இருக்கவில்லை.