மாஸ்டரின் கையளவு

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல் மாஸ்டர். எதையும் அளந்து போட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. உப்பை அள்ளுவார், போடுவார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சரியாக இருக்கும். நான் தையற்காரி. அளவு நாடா கழுத்தில் தொங்காமல் எனக்கு ஒரு பொழுதும் போனதில்லை. அரை அங்குலத்துக்கு உயிரை விடுகிறவளையும் அண்டா நிறையக் கண் திட்டத்தில் சமைக்கிறவரையும் சேர்த்து வைத்தவர்கள் என்ன பொருத்தத்தைப் பார்த்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்பேன் நான். "கைக்குத் தெரியும்டி அளவு" என்பார் அவர். எங்கள் இல்லறத்தின் மொத்தச் சண்டையும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த வீட்டை வாங்கியபோது பின்பக்கம் ஒரு சின்ன நீச்சல் குளம் இருந்தது. எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. மூடிவிட்டு அந்த இடத்தில் கொடி கட்டித் துணி காயப்போடலாம் என்று சொன்னவள் நான்தான். அவருக்கு மனசு வரவில்லை. குளத்துச் சாமான் விற்கிற கடைக்காரர் கொடுத்த குளோரின் மாத்திரைகளை மிதவையில் போட்டு, வலையால் சருகை அள்ளி, யாரும் இறங்காத தண்ணீருக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தார்.

பிறகு என் தசைகள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சு கேட்பதை நிறுத்தின. டாக்டர் வியாதிக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார், மருந்து என்று ஒன்றும் சொல்லவில்லை. போன பலம் திரும்பாது, இருக்கிற பலத்தை எத்தனை காலம் பிடித்து வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் வைத்தியம் என்றார். தையல் மெஷின் மிதித்த கால்கள் முதலில் படியை மறந்தன, அப்புறம் தரையையே மறந்தன. தரையில் நான் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஆனால் தண்ணீரில் நின்றேன். பிசியோதெரபி செய்ய வருகிற பெண்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். மார்பளவுத் தண்ணீரில் உடம்பின் பாரம் குறைந்துவிடுகிறதாம். அன்று முதல் தினமும் காலையில் மாஸ்டர் என்னைத் தூக்கிக்கொண்டு குளத்துப் படியில் இறங்குவார். என்னை நிற்க வைத்து, என் முன்னால் பின்னோக்கி நடப்பார். கைகளை என் கைகளுக்கடியில் தொடாமல் வைத்திருப்பார். நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பேன். நாள் முழுக்க நாற்காலியில் சாமான் மாதிரி இருக்கிறவளுக்கு அந்த நடை எப்படி இருந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

"தண்ணியில நடக்கிற வரைக்கும் காலுக்குப் பலம் இருக்கும்கா. ஒரு வாரம் விட்டாப் பரவாயில்ல. அதுக்கு மேல விட்டுடாதீங்க" என்று அந்தப் பெண் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள்.

விடவேண்டி வந்தது. வருஷக் கணக்காக மாத்திரை போட்டதில் அதிலிருக்கும் ஏதோ ஒன்று தண்ணீரில் தங்கித் தங்கி, குளோரினை வேலை செய்ய விடாமல் பண்ணிவிட்டதாம். தண்ணீர் பச்சை பாரித்தது. என் தொடையில் தடிப்பு வந்து, உட்காருகிற இடத்தில் புண்ணாகியது. அந்தத் தண்ணீரில் இனி இறங்கக் கூடாது என்று பிசியோ சொல்லிவிட்டாள். கடைக்காரரைக் கேட்டால், இதற்கு முறிவு மருந்து கிடையாது, முழுக்க இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள் என்றார்.

இறைத்தோம். மாஸ்டர் லீவு போட்டு, அண்டா தேய்க்கிற மாதிரி குளத்தைத் தேய்த்தார். லாரித் தண்ணீர் வந்து நிறைந்தது. அதுவரைக்கும் எல்லாம் சொன்ன வாரத்துக்குள் முடிந்தது. என் கால் என்ன ஆகுமோ என்று அப்போது நான் பயப்படவே இல்லை.

புதுத் தண்ணீரில் அப்படியே இறங்கிவிட முடியாது என்று அப்புறம்தான் தெரிந்தது. கண்ணாடிக் குழாயில் அதைப் பிடித்து, சிவப்பு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளானால் புளிப்பு, ஊதா ஓடினால் காரம், நடுவில் ஆரஞ்சு வந்தால் சரி. கடைக்காரர் வரிசையும் சொல்லியிருந்தார். முதலில் சமையல் சோடா போட்டுத் தண்ணீருக்கு ஒரு பிடிமானம் உண்டாக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தப் புளிப்பும் காரமும் ஒரு நிலையில் நிற்காது. பிறகுதான் சலவை சோடாவோ ஆசிடோ கொஞ்சமாக விட்டு நிறத்தைச் சரிசெய்வது. கடைசியில் குளோரின்.

சமையல் சோடா என்றதும் மாஸ்டர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவருக்குத் தெரியாத சோடாவா? கடைக்காரர் கொடுத்த மூட்டையை அவிழ்த்தார், ஒரு கையால் ஒரு பிடி அள்ளினார், குளத்தில் வீசினார், கையைத் தட்டிக்கொண்டார். மூட்டையை மறுபடி கட்டிவிட்டார்.

"கடைக்காரர் கிலோக் கணக்குல சொன்னாரே" என்றேன்.

"அவன் கடை வச்சிருக்கிறவன், அப்படித்தான் சொல்லுவான். சோடா ஒரு சிட்டிகை கூடினா மாவு மொத்தமும் போச்சு. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு."

இதுதான் நடந்தது. வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. சமைக்கத் தெரியாதவன் மூட்டையில் எழுதியிருந்ததைப் படித்துக் கொட்டிவிட்டுப் போயிருப்பான். இவர் ஆயுசு முழுக்க சோடாவுக்குப் பயந்து பயந்து சமைத்த மனுஷர். ஒரு கரண்டி சோடா கூடப் போட்டதற்காக ஒருத்தனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார். அந்தக் கையைப் போய் மூட்டையைக் கவிழ் என்றால் கவிழ்க்குமா? அவர் போட்ட ஒரு பிடி ஆற்றில் கரைத்த புளியாகப் போயிற்று.

தண்ணீர் ஆட்டம் காட்ட ஆரம்பித்தது. குழாயில் மஞ்சள். சலவை சோடா போட்டார். மறுநாள் ஊதா, குளம் கழுநீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஆசிட் விட்டார். மறுபடி மஞ்சள். அடுப்பில் எதையும் அந்த நிமிஷமே சரிசெய்து தட்டில் அனுப்பிப் பழகியவருக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. மோட்டார் ஓடிக் கலக்குவதற்குள் இன்னொன்றைப் போடுவார். ஒருநாள் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். இது சூப் இல்லை மாஸ்டர் என்று கத்தினேன். அண்டாவோ குளமோ, தண்ணீர்தானே என்றார்.

நான் குளத்தோரம் நாற்காலியில் உட்கார்ந்து இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன வாரம் போய், அடுத்ததும் போய், அதற்கடுத்ததும் பாதி போயிருந்தது. போர்வைக்குள் கட்டை விரலை அசைத்துப் பார்ப்பேன். முதலில் உடனே அசைந்தது. பிறகு யோசித்து அசைந்தது. பிறகு வலது கால் அசையவில்லை. இதை அவரிடம் சொல்லியிருந்தால் அவசரத்தில் இன்னும் நாலு பிடி எதையாவது போட்டிருப்பார். அதனால் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் அவர் மேல் எரிந்து விழுந்தேன், காப்பி ஆறியதற்குக்கூட.

கட்டிலில் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ என் வலது பாதத்தைப் பிடித்து அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். அவள் இன்னும் ஒரு தடவை அழுத்தச் சொன்னபோது எனக்கு விளங்கிவிட்டது.

மாஸ்டர் வேலைக்குப் போயிருந்த நேரம். என் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை அதன் மறு முனையைப் பிடித்துக் குளத்தோரமாக நகர்த்திக்கொண்டே போகச் சொன்னேன். நீளம், அகலம், ஆழம், படிக்கட்டுக்குக் கழிவு எல்லாம் எடுத்தோம். ரவிக்கைக்கு அளவெடுப்பது போலத்தான். மூட்டைமேல் இருந்த கணக்கைப் போட்டுப் பார்த்து, உடம்பு எடை பார்க்கிற தராசில் சோடாவை நிறுத்து, அவள் கையாலேயே கொட்ட வைத்தேன். மூட்டையில் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டோம்.

மாஸ்டர் வந்து துவண்டு கிடந்த மூட்டையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதைப் பார்த்தால், ஒரு கல்யாணச் சாப்பாடே கெட்டுப்போனது போல இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் குழாயில் கொஞ்சமாக மஞ்சள் காட்டியது. கிண்ணத்தில் அளந்து சலவை சோடா போட்டோம், ஆரஞ்சு வந்தது. அதற்கு மறுநாளும் அதே ஆரஞ்சு. அவர் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "என் கை பொய் சொல்லிடுச்சு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

குளோரின் போட்டுத் தண்ணீர் தெளிந்த அன்று பிசியோவும் எங்களோடு இறங்கினாள். அடியில் பதித்திருந்த ஓட்டின் கீறல்வரைக்கும் தெரிந்தது. இத்தனை சுத்தமான தண்ணீர் அந்தக் குளத்தில் அதற்கு முன் இருந்ததே இல்லை. மாஸ்டர் என்னை நிற்க வைத்தார். பாதம் தரையில் பட்டது. எப்போதும் செய்வது போல அவர் கைகளை ஓர் இம்மி கீழே இறக்கினார்.

முழங்கால் இரண்டும் மடிந்தன. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று பிறத்தியாருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று என் தலைக்கு மேல் போயிற்று. அவர் வாரித் தூக்கினார். இருமி முடித்ததும் இன்னொரு தடவை என்றேன். மறுபடி மடிந்தன. சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கால்கள் தண்ணீரில் பாவாடையோடு சேர்ந்து அலைந்தன. பிசியோ என் இடுப்பைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்காமல் கரையில் மடித்து வைத்திருந்த துண்டையே பார்த்தாள்.

முடிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள டாக்டர் வேண்டியதில்லை. தண்ணீரில் இருந்த என் கடைசி நடை, அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பிசியோ சொன்ன நாள் காலையோடு போய்விட்டது. அன்று நான் பாதி வழியில் குளிருகிறது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

மாஸ்டர் என்னை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள்ளிருந்த படியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்தார்.

"தண்ணி இன்னும் சரியாகல" என்றார். "பழைய தண்ணி உன்னைத் தாங்குச்சு. இது தாங்கமாட்டேங்குது. கனம் பத்தல."

பிசியோ வாயைத் திறந்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டாள். தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. அளந்தவள் நான். குழாயில் அன்று காலையிலும் ஆரஞ்சு. இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்தான். உங்களால்தான் போச்சு என்றும் சொல்லலாம், நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவர் கை என் முதுகுக்குக் கீழே அப்படியே விறைத்திருந்தது. நான் மறுபடி முங்கிவிடுவேன் என்று பயந்து பிடித்திருந்தார்.

"ஆமாங்க, சோடா பத்தலன்னு நினைக்கிறேன்" என்றேன். "இன்னும் கொஞ்சம் போட்டுப் பாருங்க."

"எவ்வளவு போடட்டும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அளவு கேட்டது அன்றுதான்.

"உங்க கைக்கு எவ்வளவு வருதோ, அவ்வளவு."

என்னைப் பிசியோவிடம் கொடுத்துவிட்டுக் கரையேறினார். மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்து தண்ணீரின் குறுக்கே வீசினார். வெள்ளையாகப் பரவி மெல்லக் கீழே இறங்கியது. திரும்ப வந்து என்னை வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷம் பொறுக்காத மனுஷர், இப்போது அவசரமே இல்லாமல் நின்றார்.

"கலக்கட்டும்" என்றார்.

"கலக்கட்டும்" என்றேன் நானும்.