கெஞ்சினாலும் கொடுக்காதீங்க

சுற்றுலா விடுதியில் இறங்கியதுமே தையல்காரரின் மனைவி, பரிமாறும் நரைமீசைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இவருக்குச் சக்கரை வியாதி. சோறு ஒரு கரண்டிதான். இனிப்பு மட்டும் கெஞ்சினாலும் குடுக்காதீங்க. மயக்கம் வருதுன்னு நாடகமே போடுவாரு!"

தையல்காரரும் சேர்ந்து சிரித்தார்.

இன்சுலின் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தவறினால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்; அப்போது ஒரு வாய் இனிப்புதான் உயிரைக் காக்கும். பாவம், அதை அவள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஊசி போட்டுக்கொண்டு அவர் அவளுக்கு முன்னாலேயே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். சமையல் தாமதம். அவள் குளித்துவிட்டு வந்தபோது மேசையில் சாய்ந்து கிடந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஒரு ஸ்பூன் சக்கரை குடுன்னு மூணு தடவை கேட்டாரு, தங்கச்சி," என்றார் நரைமீசைக்காரர் பெருமையாக. "நான் அசையவே இல்லையே!"

அவள் சர்க்கரைக் கிண்ணத்தோடு ஓடினாள். அவருடைய பற்கள் கிட்டித்திருந்தன.