பஞ்சாயத்து இல்லாத ஒரு மணி நேரம்

பார்லர் அக்காவின் வாயைக் கட்டுவது, ஓடுகிற மிக்ஸியின் மூடியைக் கையால் அழுத்திப் பிடிப்பது மாதிரி. ஊரார் தலைமுடியை வெட்டிக்கொண்டே ஊரார் பிரச்சினைக்கெல்லாம் தீர்ப்பும் சொல்லிப் பழகியவள். அப்படிப்பட்டவள்தான் திருச்சபையில் நடந்த பராமரிப்பு ஊழியப் பயிற்சியில் சேரப் பெயர் கொடுத்தாள். கஷ்டத்தில் இருப்பவரைத் தனியாகப் போய்ப் பார்த்து, அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். புத்திமதி கூடாது. 'எல்லாம் நன்மைக்கே' கூடாது. கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது.

"இது ஊழியமா, தண்டனையா?" என்று வகுப்பிலேயே கேட்டவள்.

அவளிடம் ஒப்படைக்கப்பட்டவள் லேப் தங்கச்சி. ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். சபையே திரண்டு வந்து, "ஜெபம் பண்ணும்மா, திரும்பி வந்துடுவார்" என்றது. வழிதவறிப்போக அவன் என்ன ஆட்டுக்குட்டியா? இவள் அயர்ன் பண்ணி வைத்த சட்டைகளைப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் அடுக்கிக்கொண்டு, கார் சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனவன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், லேப் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். முதல் சில வாரம் லேப் தங்கச்சி, நரம்பு அகப்படாத நோயாளிகளைப் பற்றி மட்டும் பேசினாள். பிறகு அழுதாள். பிறகு புருஷனைத் திட்டினாள். திட்டும்போதுதான் அழகாக இருந்தாள்.

இந்த வியாழக்கிழமை பார்லர் அக்கா உள்ளே வந்ததும் வராததுமாக, டீயை நீட்டிக்கொண்டே லேப் தங்கச்சி சொன்னாள்: "அக்கா, அவர் திரும்பி வரேங்கிறார்."

'கதவைச் சாத்துடி!' என்பது பார்லர் அக்காவின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. டீயோடு சேர்த்து விழுங்கினாள். "நீ என்ன நினைக்கிற?"

"தெரியலக்கா. மூப்பர் ஐயா போன் மேல போன் போடுறார். ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாடி எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு ஜெபம் பண்ணி சேத்து வைக்கப் போறாராம்."

"நீ சரின்னு சொன்னியா?"

"நான் ஒண்ணுமே சொல்லல. அதையே சரின்னு எடுத்துக்கிட்டார்."

அழைப்பு மணி அடித்தது. மூப்பரேதான். கக்கத்தில் பைபிள், முகத்தில் வெற்றிக்களை.

"அடடே, நீங்களும் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு" என்று மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் வீட்டுக்காரர் கீழ கார்லதான் இருக்கார்மா. ஆம்பள, கொஞ்சம் தடுமாறிட்டார். மன்னிக்கிறதுதானே பெரிய மனசு? ஞாயித்துக்கிழமை அந்த நீலப் புடவையைக் கட்டிக்கோ."

லேப் தங்கச்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பார்லர் அக்கா பார்த்தாள். இன்னும் ரெண்டு நிமிடம் இந்தத் தலை இப்படியே ஆடினால் ஞாயிற்றுக்கிழமை காரியம் முடிந்தது. வாயைத் திறந்து 'வேணாம்' என்று சொல்லலாம். சொன்னால், இவளுக்காக முடிவு எடுக்கிற கூட்டத்தில் தானும் ஒருத்தி.

"ஐயா, எழுந்திரிங்க" என்றாள்.

"என்னம்மா?"

"இது எங்க நேரம்."

"நான் சபை மூப்பர்!"

"தெரியாதா? இந்தப் பயிற்சிக்கு எனக்கு சர்டிபிகேட் குடுத்ததே நீங்கதானே. ஒருத்தர் பேச ஒருத்தர் கேக்குற ஊழியம்னு மைக்குல சொன்னதும் நீங்கதான். மூணாவது ஆள் உட்கார்ந்தா அதுக்குப் பேரு பராமரிப்பு இல்லைங்கய்யா, பஞ்சாயத்து."

"அஞ்சே நிமிஷம்…"

"வெளிய மாடிப்படி காத்தோட்டமா இருக்கு. உட்கார்ந்து ஜெபம் பண்ணுங்க. எங்களுக்கும் சேத்து."

கதவு சாத்தப்பட்டதும் லேப் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊசியைப் பாத்த பேஷண்ட் மாதிரி முழிச்சார்க்கா!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அந்த நீர் நிற்கவில்லை. "நீங்களே சொல்லுங்க. அவரைச் சேத்துக்கவா, வேணாமா?"

பார்லர் அக்காவிடம் நாலு பதில் தயாராக இருந்தது. நாலும் ஒரே பதில்.

"சொல்ல மாட்டேன்."

"உங்களுக்குத்தான் எல்லாத்துலயும் ஒரு கருத்து இருக்குமே!"

"இருக்கு, தொண்டை வரைக்கும் இருக்கு. ஆனா அவன்கூட வாழப்போறதும் நீ, இல்லாம வாழப்போறதும் நீ. உனக்கு என்ன வேணும்?"

லேப் தங்கச்சி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "இத்தனை நாளா யாருமே அதைக் கேக்கலக்கா." டீ கப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "எல்லார் முன்னாடியும் போய் நிக்க வேணாம். அது நல்லாத் தெரியுது. மத்தது இன்னும் தெரியல. தெரியலன்னு சொல்லலாமாக்கா?"

"சொல்லித்தான் பாரேன்."

அவள் முகம் கழுவிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். மூப்பர் படியிலிருந்து எழுந்தார்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை நான் வந்து நிக்க மாட்டேன். என் முடிவு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சா நானே அவர்கிட்ட சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க போன் பண்ணாதீங்க."

"பாவம்மா, கீழ காத்துட்டிருக்காரே…"

"போகச் சொல்லுங்கய்யா. அங்க வண்டி நிறுத்தக் கூடாது, அபராதம் போட்டுடுவாங்க."

மூப்பரின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அவள் திரும்பி வந்து, மூன்றாவது நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஜெபம் பண்ணலாமா?" என்று பார்லர் அக்கா கேட்டாள்.

"பண்ணலாம். மன்னிக்கிறதைப் பத்தி மட்டும் இன்னிக்கு வேணாம்."

"சரி. வேற என்ன கேக்கட்டும்?"

"இன்னிக்கு ராத்திரி தூக்கம் வரணும்னு கேளுங்கக்கா."

பார்லர் அக்கா அதை மட்டும் கேட்டாள்.